பிட்ச்சுக்கு முன்னால் அப்பா எழுதுவது

அன்புள்ள அம்முவுக்கு,

நலம்தானே? க்ளையன்ட்டிடம் நம் யோசனையைச் சொல்லி விளம்பர வேலையைப் பிடிக்கும் பிட்ச் டீமுக்கு இந்த முறை நீதான் தலைமை என்று அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, வேலை நெருக்கடி. போனை எடுக்காததையும் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன். ராத்திரியும் ஆபீஸிலேயே இருக்கிறாய் என்றான். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. தொழிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என்ன வேண்டும் என்று க்ளையன்ட் எழுதித் தரும் ப்ரீஃப் கைக்கு வந்த மறுநாளே சுவர் முழுக்க லேஅவுட், அதாவது விளம்பர மாதிரிகள், ஒட்டுகிற பழக்கம் எல்லா விளம்பர ஏஜென்சியிலும் உண்டு. உன் டீமை அதற்கு விடாதே. க்ளையன்ட் தரும் ப்ரீஃபில் அவர்கள் கேட்பது இருக்கும், அவர்களை உறுத்துவது இருக்காது. 'இளைஞர்களைக் கவர வேண்டும்' என்று எழுதியிருப்பார்கள். விசாரித்தால் பழைய வாடிக்கையாளர்கள் சத்தமில்லாமல் விலகிக்கொண்டிருப்பார்கள். அதை மேலிடத்தில் எப்படிச் சொல்வது என்று மார்க்கெட்டிங் தலைவர் தவித்துக்கொண்டிருப்பார். அந்தத் தவிப்பைக் கண்டுபிடிக்கத்தான் முதல் வாரம். விற்பனைப் பிரதிநிதிகளோடு அலைந்து பார். புகார் அழைப்புகளைக் கேள். பொருளை நீயே வாங்கிப் பயன்படுத்து. சந்தேகம் கேட்க க்ளையன்ட் நேரம் ஒதுக்கினால் கேட்கத் தெரிந்தவர்களை மட்டும் அழைத்துப் போ. நாம் என்ன கேட்கிறோம் என்பதை வைத்தே அவர்கள் நம்மை எடைபோட ஆரம்பித்துவிடுவார்கள்.

1993-இல் கலிபோர்னியா பால் பதப்படுத்துவோர் வாரியத்துக்காக குட்பி சில்வர்ஸ்டைன் ஏஜென்சி செய்த வேலை உனக்கு மனப்பாடமாக இருக்கும். பால் உடம்புக்கு நல்லது என்று ஊருக்கே தெரியும், விற்பனை மட்டும் சரிந்துகொண்டே போனது. ஏஜென்சி சிலரை ஒரு வாரம் பாலே இல்லாமல் இருந்து பார்க்கச் சொன்னது. பிறகு உட்கார வைத்துக் கேட்டபோது, கிண்ணத்தில் சீரியலைக் கொட்டிய பிறகு பால் இல்லை என்று தெரிந்தால் வரும் எரிச்சல்தான் வெளியே வந்தது. 'காட் மில்க்?' (பால் இருக்கிறதா?) அந்த எரிச்சலில் பிறந்த வரி. கான்ஃபரன்ஸ் அறைக்குள்ளேயே உட்கார்ந்து யோசித்திருந்தால் கால்சியத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

கிடைத்ததையெல்லாம் ஒரே வாக்கியத்துக்குள் கொண்டுவருவதுதான் கஷ்டம். நீ பயிற்சியில் இருந்தபோது எழுதிய முதல் க்ரியேட்டிவ் ப்ரீஃப், விளம்பரத்தை உருவாக்குபவர்களுக்கு வழிகாட்டும் குறிப்பு, இன்னும் என் பச்சை நோட்டுக்குள் இருக்கிறது. 'சொல்ல வேண்டிய ஒரே விஷயம்' என்ற கட்டத்துக்குள் பொடி எழுத்தில் நெருக்கி நெருக்கி ஐந்து வரி எழுதியிருந்தாய். நான் பேனாவைத் தொடவே இல்லை. நீயே நான்கை அடித்துவிட்டு, ஐந்தாவதையும் பாதியாக்கினாய். அன்றே தெரிந்துவிட்டது எனக்கு, இவள் இந்தத் தொழிலில் நிற்பாள் என்று.

பிட்ச் அன்று மேடை போட்டு அசத்தப் போகிறீர்கள் என்று அண்ணன் சொன்னான், அந்த யோசனை எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டிஷ் ரயில் பிட்ச்சில் ஏபிஎம் ஏஜென்சி செய்ததை நினைத்துச் செய்கிறீர்கள் போலிருக்கிறது. வந்த ரயில்வே அதிகாரிகளை அழுக்கு வரவேற்பறையில் காக்க வைத்து, யாரும் கண்டுகொள்ளாமல் விட்டு, அவர்கள் கோபித்துக் கிளம்பும் நேரத்தில், 'உங்கள் பயணிகளுக்கு நடப்பது இதுதான், வாருங்கள் சரிசெய்வோம்' என்றார்கள். க்ளையன்ட்டுக்கு வலிக்கும் இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் பலித்தது. உங்கள் மேடைக்கும் க்ளையன்ட்டின் பிரச்சினைக்கும் சம்பந்தம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பணத்தை ஆராய்ச்சியில் போடு.

ஏவிஸை எடுத்துக்கொள். கார் வாடகைத் தொழிலில் ஹெர்ட்ஸுக்குப் பின்னால், வருடக்கணக்கில் நஷ்டத்தில் கிடந்த கம்பெனி. 1962-இல் டாயில் டேன் பெர்ன்பாக் ஏஜென்சி அதை மறைக்கப் பார்க்கவில்லை. 'நாங்கள் இரண்டாமிடம்தான், அதனால் கூடுதலாக உழைக்கிறோம்' என்று விளம்பரமே செய்தது. பாலா கிரீன் என்ற பெண் எழுதியது. க்ளையன்ட் கூசுகிற விஷயத்தை அவர்களையே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்றால், அவர்களைவிட நமக்கு அவர்கள் தொழில் புரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், ஒத்திகை. நின்றுகொண்டு, வாய்விட்டு, கடிகாரம் வைத்துச் செய்யுங்கள். ஜெயித்தால் யார் வேலை செய்வார்களோ அவர்களே பேசட்டும். கேள்வி நேரத்துக்கும் ஒத்திகை வேண்டும். மேஜைக் கோடியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், நிதிப் பிரிவுக்காரர். நீங்கள் படம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கைப்பிரதியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். தயாரிப்புச் செலவு எவ்வளவு, பலன் கிடைத்ததை எப்படி அளப்பீர்கள் என்று அவர் கேட்டால் எல்லோரும் உன் முகத்தைப் பார்க்கக் கூடாது. யார் பதில் சொல்வது என்று முன்பே முடிவு செய்.

முந்தின நாள் மதியத்துக்கு மேல் ஒரு ஸ்லைடையும் மாற்றாதே. தூங்கு. தூங்காத டீம் அறைக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுவார்கள், சின்னக் கேள்விக்கும் சிடுசிடுப்பார்கள். க்ளையன்ட் வருடக்கணக்கில் கூட வேலை செய்யப்போகும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதையெல்லாம் கவனிப்பார்கள். அதனால் தூங்கு.

நீ கெட்டிக்காரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் உன் தலையிலேயே போட்டுக்கொள்கிறாய். விளம்பர வாசகத்தையும் நீயே திருத்துகிறாயாம், விளம்பரம் எங்கே, எப்போது வர வேண்டும் என்ற மீடியா பிளானையும் நீயே பார்க்கிறாயாம். டீம் எதற்கு இருக்கிறது? பிரித்துக் கொடு அம்மு. அம்மாவுக்கு அந்தத் தலைவலி ஆரம்பித்தது இந்த வயதில்தான். முதலில் கண்ணோரம் மின்னும், வெளிச்சம் ஆகாது. உனக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா? போன தடவை வீடியோவில் பேசும்போது விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாயே, கண் கூசுகிறதா? பிட்ச் முடியட்டும் என்று தள்ளிப்போடாதே, இந்த வாரமே டாக்டரைப் பார். வேலைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

தொழிலைப் பற்றி மட்டும் என்று சொல்லிவிட்டு இதை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஒத்திகை எந்த நாள் என்று எழுது. க்ளையன்ட் பக்கம் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் புரட்ட ஒரு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். அம்மாவும் கூட வருவாள், உன்னைப் பார்க்க.

அன்புடன்,
அப்பா