ஸ்டிக்கர் எது, திருத்தம் எது? கேடிஎம் எண்டியூரோ பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரியாவின் மட்டிக்ஹோஃபெனில், எண்டியூரோ எனும் காடு-மலைப் போட்டிகளுக்கான இஎக்ஸ்சி வண்டிகளை வடிவமைக்கும் கேடிஎம் பொறியாளர்களுக்கும், அவற்றை எந்த மாதம் எந்தப் பெயரில் விற்பது என்று முடிவு செய்பவர்களுக்கும், இப்போது புனே ஆகுர்டியிலிருந்து கணக்குக் கேட்கும் பஜாஜ் நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்த ஆண்டுக்கான எண்டியூரோ வரிசையை அறிவிக்கும்போது கூடவே ஒரு தாளையும் வெளியிடுங்கள். எந்தப் பாகம் மாறியிருக்கிறது, பழைய எண் என்ன, புதிய எண் என்ன, எதற்காக மாற்றினீர்கள், போன வருட வண்டியில் அது பொருந்துமா. அந்தத் தாளில் நிறத்தைப் பற்றியும் ஸ்டிக்கரைப் பற்றியும் ஒரு வரிகூட வேண்டாம். அதற்குத்தான் அழகான வீடியோ எடுக்கிறீர்களே.

நான் போட்டிகளில் ஓடுபவன் அல்ல. கோவைப் பக்கம் வார இறுதியில் மண்ணில் ஓட்டுபவன். உண்மையைச் சொன்னால் ஓட்டுவதைவிட, நண்பர்களின் வண்டிகளைப் பிரித்துப் போட்டு மறுபடி கோர்ப்பதில்தான் அதிக நேரம் போகிறது. உங்கள் போட்டி வண்டிகள் 2024 நவம்பரில் இந்திய ஷோரூமுக்கு வந்தன. 350 இஎக்ஸ்சி-எஃப் அப்போது 12.96 லட்சம் ரூபாய். ஒரு சின்ன காரின் விலைக்கும் மேல் கொடுத்து இதை வாங்க யோசிப்பவர்களில் தமிழ் படிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்த்துப் படிக்க உங்களுக்கு வசதி உண்டு.

உங்கள் வேலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1998-இல், பின்சக்கரத்துக்கும் ஷாக்குக்கும் நடுவில் இருந்த லிங்கேஜ் எனும் நெம்புகோல் இணைப்பைத் தூக்கிவிட்டு, ஷாக்கை நேராக ஸ்விங்ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கையில்) பூட்டினீர்கள். பிடிஎஸ் என்று பெயர் வைத்தீர்கள். கல்லிலும் மரவேரிலும் இடிபட லிங்கேஜ் கிடையாது, கிரீஸ் வைக்க பேரிங்குகளும் குறைவு. மோட்டோகிராஸ் ஆட்கள் இன்றும் அதைக் குறை சொல்வார்கள். காட்டுக்குள் ஓட்டுகிற எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுகிறது. அது திருத்தம். அதற்குப் புது மாடல் என்று பெயர் வைத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

2017 மாடலும் அப்படித்தான். புது ஃப்ரேம். 250, 300 டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்குள் பேலன்ஸ் ஷாஃப்ட் வந்தது. கை மரத்துப் போகும் அதிர்வு குறைந்தது. முன்னால் எக்ஸ்புளோர் ஃபோர்க். அழுத்தும்போது வரும் டேம்பிங் (குதிப்பை அடக்கும் எதிர்ப்பு) ஒரு காலில், திரும்பி எழும்போது வரும் டேம்பிங் இன்னொரு காலில். மெக்கானிக்குக்கு இது எவ்வளவு பெரிய வசதி தெரியுமா? ஃபோர்க் குதித்துக்கொண்டே இருந்தால் எந்தக் காலைத் திறக்க வேண்டும் என்று திறப்பதற்கு முன்பே தெரியும்.

ஆனால் அதே 2017 வண்டியில் மிகுனி கார்புரேட்டர் போட்டிருந்தீர்கள். அதை வாங்கியவர்கள் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட் மாற்றி, ஊசி மாற்றி, ஒரு வழியாக வண்டியை வழிக்குக் கொண்டுவந்த நேரத்தில், அதே ஆண்டு மே மாதம் 2018 மாடலுக்கு டிபிஐ-யை (TPI) அறிவித்துவிட்டீர்கள். சிலிண்டரின் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன், தனி ஆயில் டேங்க், ஆயில் பம்ப். தொழில்நுட்பத்தில் அது ஒரு சாதனை. ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாடுகள் டூ-ஸ்ட்ரோக்கின் கழுத்தை நெரித்த நேரத்தில் அதைப் பிழைக்க வைத்தது அதுதான். உயரமான மலைக்குப் போனால் ஜெட் மாற்றும் வேலையும் ஒழிந்தது. இருந்தாலும், கார்புரேட்டர் வண்டியின் கதை முடியப்போகிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். புது எஞ்சினை வடிவமைக்கும்போதே தெரியாமல் இருந்திருக்குமா? வாங்கியவருக்கு மட்டும்தான் தெரியவில்லை.

பிறகு 2024. வண்டியில் 95 சதவீதம் புதிது என்று அறிவித்தீர்கள். அந்த டிபிஐ (TPI) போய், த்ராட்டில் பாடியிலேயே இன்ஜெக்டர் வைக்கும் டிபிஐ (TBI) வந்தது. (ஆம், தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துகள்தான். ஸ்பேர் கடைக்கு போன் செய்து கேட்டுப் பாருங்கள், கூத்து புரியும்.) பவர் வால்வை மின்மோட்டார் இயக்குகிறது. எக்ஸ்புளோர் போய் மூடிய கார்ட்ரிட்ஜ் கொண்ட 48 மில்லிமீட்டர் எக்ஸாக்ட் ஃபோர்க். ஃப்ரேம் புதிது, பின்பக்கத் துணைஃப்ரேமில் பாதி அலுமினியம், பாதி பிளாஸ்டிக். சரி, இதுவும் நிஜமான மாற்றம்தான்.

1998, 2017, 2018, 2024. இவை பெரிய மைல்கற்கள். இவற்றுக்கு நடுவில் கிடக்கும் ஆண்டுகளைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு. அந்த ஆண்டுகளிலும் நீங்கள் சும்மா இருப்பதில்லை. உள்ளே ஏதேதோ மாற்றுகிறீர்கள். ஒரு கேஸ்கெட்டின் பொருள், ஒரு சீலின் உதடு, ஒரு வயர் போகும் பாதை. இவைதான் வண்டி வைத்திருப்பவனுக்கு உயிர். அறிவிப்பில் இவை கடைசி வரியில் வரும், அல்லது வரவே வராது. முதல் வரியில் புது கிராஃபிக்ஸ் இருக்கும். நாங்கள் என்ன செய்கிறோம்? உங்கள் பாகப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகளின் எண்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுகிறோம். எண்ணின் கடைசி மூன்று இலக்கம் மாறியிருந்தால் ஏதோ திருத்தியிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறோம். என்ன திருத்தினார்கள், பழையதில் என்ன கோளாறு, நம்மிடம் உள்ளதையும் மாற்ற வேண்டுமா? இதையெல்லாம் யாரோ ஒருவர் காசு போட்டு வாங்கிப் பூட்டிப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவன் பாடு இன்னும் மோசம். சேஸிஸ் எண் கேடிஎம்முக்குரிய விபிகே என்று தொடங்குகிறதா என்று பார்ப்பான். மாடல் ஆண்டைக் காட்டும் பத்தாவது எழுத்தைத் தேடுவான். ஹெச் என்றால் 2017, ஜே என்றால் 2018, ஆர் என்றால் 2024. மேலே ஒட்டியிருப்பது 2024 பிளாஸ்டிக், உள்ளே இருப்பது வேறு வருடம் என்ற கதையெல்லாம் சகஜம். புது மாடல் என்பதை நிறத்தால் அடையாளம் காட்டும் பழக்கத்தை நீங்கள் ஏற்படுத்தினீர்கள். பழைய வண்டியை விற்பவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

இதில் நிறத்தின் விளையாட்டு இன்னொன்றும் இருக்கிறது. ஹஸ்க்வார்னா 2013-இல் உங்கள் குடும்பத்துக்கு வந்தது. காஸ்காஸ் 2019-இல் வந்தது. ஆரஞ்சு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று வரிசை, அடியில் பெரும்பாலும் ஒரே சரக்கு. ஹஸ்க்வார்னாவுக்குப் பின்னால் லிங்கேஜ் வைத்ததை நான் மதிக்கிறேன், அது ஓட்டுபவனுக்குக் கொடுத்த நிஜமான தேர்வு. மற்றபடி எந்தப் பாகம் எந்த நிறத்து வண்டியோடு பொதுவானது என்பதையும் அந்தத் தாளிலேயே போட்டுவிட்டால், ஸ்பேர் தேடும் எங்கள் அலைச்சல் மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

சிக்ஸ் டேஸ் எடிஷனை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. 1913-இல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய ஆறு நாள் போட்டியின் பெயரில் வருவது அது. ஒவ்வொரு ஆண்டும் எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டு நிறத்தில் ஒரு வண்டி விடுகிறீர்கள். கூடவே ஃபோர்க்கைப் பிடிக்கும் கடைந்தெடுத்த டிரிபிள் கிளாம்ப், எஞ்சினைக் காக்கும் அடித்தட்டு, முழுத் தகடாக வரும் பின் டிஸ்க் என்று நிஜமான பாகங்களும் தருகிறீர்கள். கூடுதல் காசுக்குக் கூடுதல் இரும்பு. நேர்மையான வியாபாரம். ஒரே ஒரு குறை, ரேடியேட்டர் விசிறியை வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் எல்லா வண்டியிலும் வைத்தே அனுப்புங்கள். சித்திரை வெயிலில் முதல் கியரில் பாறை ஏறிப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

இனி பண விஷயம். 2024 நவம்பர் கடைசியில் திவால் நடைமுறைக்குப் போனீர்கள். டிசம்பரில் தொழிற்சாலை நின்றது. 2025 பிப்ரவரியில் கடன் கொடுத்தவர்கள் நூற்றுக்கு முப்பது வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்கள். மார்ச்சில் வேலை தொடங்கி, மறுபடி நின்று, ஜூலை இறுதியில்தான் மீண்டும் ஓடியது. 2007-இல் 14.5 சதவீதப் பங்கோடு உள்ளே வந்த பஜாஜ், 2025 நவம்பரில் முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்தது. இதற்கெல்லாம் ஸ்டிக்கர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விற்றதைவிட அதிகமாகத் தயாரித்துக் குவித்ததுதான் உங்கள் நோய் என்பது ஊருக்கே தெரியும். குடோனில் வண்டி குவிந்து கிடக்கும்போது, மே மாதத்தில் புது நிறத்தைக் காட்டினால் என்ன ஆகும்? டீலரிடம் நிற்கும் ஸ்டாக் அன்று மாலையே பழசாகிவிடும். அவர் விலையைக் குறைப்பார். முந்தின மாதம் முழு விலை கொடுத்தவன் வயிறு எரியும். அடுத்த வருடம் அவன் காத்திருந்து தள்ளுபடியில்தான் வாங்குவான். எதுவும் மாறாத ஆண்டில் எதுவும் மாறவில்லை என்று சொல்லியிருந்தால், அந்த ஸ்டாக் அப்படியே மதிப்போடு நின்றிருக்கும்.

மாற்றாமல் விற்க முடியாது என்று உங்கள் விற்பனைப் பிரிவு சொல்லலாம். ஹோண்டா எக்ஸ்ஆர் 650 எல் 1993-இல் வந்த வண்டி. அமெரிக்காவில் அதை இத்தனை ஆண்டுகள் ஏறக்குறைய அப்படியே விற்றார்கள். சுஸுகியின் டிஆர்-இசட் 400 இரண்டாயிரத்தில் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. எந்த வருட வண்டியின் பாகமும் எந்த வருட வண்டிக்கும் போகும், மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவார். அதற்காக உங்களை எக்ஸ்ஆர் செய்யச் சொல்லவில்லை. அது கனம். அதில் ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் மலைப் போட்டியில் ஏறி உங்கள் அணியின் லெட்டன்பிக்ளரோடு மோத முடியாது. 2022, 2023, 2024 என்று அவர் வரிசையாக அங்கே ஜெயித்ததற்கு உங்கள் 300-இன் தொடர்ந்த திருத்தங்களும் ஒரு காரணம். போட்டிக்கான வண்டி ஆண்டுதோறும் மாறத்தான் வேண்டும். மாறட்டும், மாறியதை மட்டும் சொல்லுங்கள்.

உங்களால் முடியும் என்பதற்குச் சான்று இங்கேயே இருக்கிறது. 2025 ஏப்ரலில் 390 எண்டியூரோ ஆர் இந்தியாவுக்கு 3.37 லட்சத்துக்கு வந்தது. வெளிநாட்டு வண்டியில் சஸ்பென்ஷன் 230 மில்லிமீட்டர் இறங்கும். இங்கே முன்னால் 200, பின்னால் 205 என்று குறைத்துக் கொடுத்தீர்கள். பேர் எண்டியூரோ, கால் குட்டை என்று ஆட்கள் கேலி செய்தார்கள். நீங்கள் அடுத்த மாடல் ஆண்டுக்குக் காத்திருக்கவில்லை. சில மாதங்களுக்குள் 230 மில்லிமீட்டர் வண்டியையும் 3.54 லட்சத்துக்குக் கொண்டுவந்தீர்கள். நல்ல வேலை. எது மாறியது என்பதும் மில்லிமீட்டர் கணக்கில் எல்லோருக்கும் தெரிந்தது. முதலில் நம்பி வாங்கியவர்களுக்கு அந்த ஃபோர்க்கையும் ஷாக்கையும் நியாயமான விலையில் ஒரு கிட்டாகக் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஹீரோ 2020-இல் எக்ஸ்பல்ஸுக்கு ராலி கிட் விட்டது நினைவிருக்கிறதா? ஏற்கெனவே வீட்டில் நிற்கும் வண்டிக்கே உயரமான சஸ்பென்ஷன், சீட், டயர், நீளமான ஸ்டாண்ட். வண்டியை விற்காமலே வண்டி புதிதானது. உங்கள் இஎக்ஸ்சி வரிசையிலும் இரண்டு பெரிய மாற்றங்களுக்கு நடுவே வரும் திருத்தங்களில் பாதியை இப்படிக் கிட்டாகவே விற்கலாம் என்பது என் எண்ணம்.

பஜாஜ் நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் இந்த வண்டி வைத்திருப்பவனுக்குப் பக்கத்து ஊரில் டீலர் இருப்பார், நாலு பழைய வண்டிகள் உடைப்பில் கிடக்கும். இங்கே ஒரு சின்ன சீல் வேண்டும் என்றாலும் கப்பலையோ விமானத்தையோ எதிர்பார்க்க வேண்டும். தப்பான ஆண்டின் பாகம் வந்து சேர்ந்தால் அந்த சீசனே போச்சு. ஆகவே இந்தத் தாள் மற்ற எந்த நாட்டையும்விட இந்தியாவுக்குத்தான் முதலில் தேவை. அதற்கும் முன்னால், ஷோரூமில் 350 இஎக்ஸ்சி-எஃப் நிற்கும் இடத்தில் விலைப் பலகையிலேயே அது எந்த ஆண்டு மாடல் என்று பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். இதற்கு மட்டிக்ஹோஃபெனைக் கேட்க வேண்டியதில்லை. ஒரு மார்க்கர் பேனா போதும்.

முதல் தாளை 2017-இலிருந்து இன்றுவரை 300 இஎக்ஸ்சி ஒன்றுக்கு மட்டுமாவது போடுங்கள். மற்றவை மெதுவாக வரட்டும்.

இப்படிக்கு,
கோவைப் பக்கத்து மண்தட ஓட்டி ஒருவன்