பூவையும் நாரையும் சேர்த்துக் கட்டியவர்களுக்கு

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு எடைச் சீட்டுப் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். போன வாரம் அதன் புதிய பதிப்பு ஓடத் தொடங்கியது. ஒரே கோப்பு, 14 எம்பி, படம், எழுத்துரு எல்லாம் அதற்குள்ளேயே. இதைச் செய்தது நான் என்று கடையில் சொல்லிக்கொள்கிறார்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கு உரியவர்களுக்கு இந்த மடல்.

முதலில் கடைக்கார அண்ணனுக்கு. தை மாத முகூர்த்த நாள், விடிகாலை நாலு மணி. பனியில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும் நேரம். அதற்கு முந்தின நாள்தான் அவர் மருமகன், இடத்தை அடைக்கிறதென்று கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை அழித்திருந்தான். பூக்களின் படங்கள் இருந்த ஃபோல்டர் அது. மென்பொருள் திறந்தது, ஆனால் எடை போடும் தம்பி தொட வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம். அன்று முழுக்கக் கையால் சீட்டு எழுதினார்கள். அண்ணன் என்னைத் திட்டவில்லை. "பூவைத் தனியா, நாரைத் தனியாவா விக்கிறோம்? சேத்துக் கட்டிக் குடுப்பா" என்றார். அவ்வளவுதான்.

நான் அதை எழுதிய கோ (Go) என்ற நிரல் மொழியில் அதற்கு வழி இருந்தது. 2021 பிப்ரவரியில் வந்த 1.16 பதிப்பிலிருந்து, நிரலில் ஒரு மாறிக்கு (தரவை வைக்கும் பெயருக்கு) மேலே ஒற்றை வரி எழுதினால் போதும், கம்பைல் ஆகும்போதே, அதாவது நிரல் ஓடக்கூடிய கோப்பாக மாறும்போதே, கோப்புகள் நிரலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதற்கு முன்பெல்லாம் படத்தைப் பைட்டு பைட்டாக நிரலாக மாற்றித் தரும் தனிக் கருவிகளை வைத்துச் சமாளித்தோம். ஒரு சங்கடம், அந்த வரி பார்ப்பதற்கு, கணினி கண்டுகொள்ளாமல் விடும் குறிப்புரை மாதிரியே இருக்கும். இரண்டு சாய்கோட்டை ஒட்டியே 'கோ எம்பெட்' என்று வர வேண்டும். நடுவில் ஓர் இடைவெளி விட்டால் நிஜமாகவே குறிப்புரையாகிவிடும், பிழையும் காட்டாது. நான் விட்டேன். ஒரு சாயங்காலம் போயிற்று. போனை எடுத்ததுமே "கோட்டுக்கு அப்புறம் ஸ்பேஸ் இருக்கா பாருடா" என்று கேட்ட பழைய அறைத்தோழனுக்கு நன்றி.

அப்புறம் வந்ததுதான் பெரிய கூத்து. கம்பைல் ஆனது, ஓடியது, லோகோ தெரிந்தது, பூ ஒன்றுகூட இல்லை. மல்லி, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி என்று தமிழிலேயே கோப்புக்குப் பெயர் வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இரண்டு நாள், படங்கள் இருக்கும் ஃபோல்டர் பாதையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் புராஜெக்ட் செய்ய வந்த கல்லூரிப் பெண்தான் "அண்ணா, லோகோவுக்குத் தமிழ்ப் பேர் வெச்சுப் பாக்கவா?" என்று கேட்டாள். வைத்தாள், லோகோவும் காணாமல் போனது. அடுத்து ஒரு படத்துக்கு 'அ' என்று மட்டும் பெயர் வைத்தாள், உள்ளே போனது. 'அக்' என்று மாற்றினாள், போகவில்லை.

புள்ளிதான்! ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் கோப்புப் பெயரில் வரலாம், ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணை அவற்றை 'எழுத்து' என்று வகைப்படுத்தியிருக்க வேண்டும் என்பது கோவின் விதி. நம் புள்ளியும் கொம்பும் காலும் யூனிகோடில் 'குறி' என்ற வேறு வகை. அந்தப் படத்தை மட்டும் பெயர் சொல்லிச் சேர்த்தால் கோ பிழை காட்டும், மொத்த ஃபோல்டரையும் சேர்க்கச் சொன்னால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அடிக்கோட்டில் தொடங்கும் கோப்புகளையும் இப்படித்தான் தாண்டும், ஆனால் அவற்றுக்கு 1.18 பதிப்பில் 'ஆல்' என்ற முன்னொட்டு வந்துவிட்டது. தமிழ்ப் பெயருக்கு அதுவும் உதவாது. கடைசியில் எல்லாவற்றுக்கும் ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றினேன். மனசில்லாமல்தான். அந்தப் பெண்ணுக்குப் புராஜெக்ட் மதிப்பெண் போடுவது என் கையில் இல்லை, இருந்திருந்தால் முழுசாகப் போட்டிருப்பேன்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் அண்ணனுக்கும் நன்றி. கடையில் இருப்பது விண்டோஸ் 7, நிரல் திறக்கவே இல்லை. "மிசினு பழசுய்யா, உன் சாமான்தான் புதுசு" என்றார். சரியாகச் சொன்னார்: கோவின் 1.21 பதிப்புக்குக் குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும், 7இல் ஓடும் கடைசிப் பதிப்பு 1.20. அதை வைத்துக் கம்பைல் செய்தேன், திறந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை யாரிடமும் கேட்காமல் நிரலோடு சேர்த்துக்கொள்ளும்படி திறந்த உரிமத்தில் விட்டவர்களுக்கும் ஒரு கும்பிடு.

வாசலில் பூக் கட்டும் அக்காவை மறக்கவே மாட்டேன். படம் எடுப்பதற்காக ஈரச் சாக்கில் ஒவ்வொரு பூவாகப் பரப்பி, வெயில் விழாமல் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவர். முல்லையை எடுத்துவிட்டு நான் பிச்சி என்று பெயர் போட்டதைப் பார்த்து, "பிச்சின்னா மொட்டுல செவப்பு ஓடும் தம்பி, இதுல எங்க ஓடுது?" என்று கேட்டார். அந்தப் பிழையை எந்தக் கம்பைலர் கண்டுபிடித்திருக்கும்?

அண்ணே, சீட்டில் எடை எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்றீர்களே, செவ்வாய்க்கிழமை வருகிறேன். பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும், அவ்வளவுதான். அழிக்கிற வேலையை மருமகனிடமே கொடுத்துவிடலாம்.