சாக்லேட் லிக்கரில் சாராயம் இல்லை ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் சாக்லேட் வாங்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது. வெளிநாட்டு சாக்லேட்டுகளில் ‘சாக்லேட் மது’ சேர்க்கிறார்கள், உறையின் பின்பக்கம் சாக்லேட் லிக்கர் என்று இருந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று. இந்த ஒற்றை வரி எங்கள் தெருவில் செய்து வைத்திருக்கும் வேலையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எதிர்வீட்டு அக்கா இஸ்லாமியர். அவருடைய மகன் துபாயில் இருந்து வரும்போது பேரனுக்கு வாங்கி வந்த சாக்லேட் டப்பா முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டுகிறார், “நீயே வச்சுக்கோம்மா, எங்களுக்கு ஆகாது” என்று. உறையைத் திருப்பிப் பார்த்தேன். சர்க்கரை, சாக்லேட் லிக்கர், கோகோ வெண்ணெய், பால் பவுடர். அவ்வளவுதான். ஒரு சொட்டு சாராயம் கிடையாது. அரை மணி நேரம் எடுத்துச் சொல்லியும் அவர் நம்பவில்லை. “பேப்பர்லயே போட்டிருக்கே” என்கிறார். பேப்பரை மீறி நான் என்ன சொல்ல?

எனக்கு இதில் என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனைமலைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தென்னைக்கு நடுவில் கோகோ ஊடுபயிர். தென்னை நிழல் கோகோவுக்குப் பிடிக்கும், அணிலுக்குக் கோகோ பிடிக்கும், மிச்சம் இருப்பது எங்களுக்கு. ஈரக் கொட்டையாகவே விற்றுவிடுவதும் உண்டு, நாங்களே புளிக்க வைத்துக் காயவைத்துக் கொடுப்பதும் உண்டு. கொஞ்சம் வீட்டில் எடுத்து வைத்துச் சாக்லேட்டும் செய்வேன், சொந்தக்காரர்களுக்கு மட்டும்.

அதனால் நான் பார்த்ததையே சொல்கிறேன். ஒரு காயை உடைத்தால் உள்ளே முப்பது, நாற்பது கொட்டை இருக்கும். அதைச் சுற்றி வெள்ளையாக, வழுவழுப்பாக, இனிப்பும் புளிப்புமாக ஒரு சதை. இந்தச் சதையோடு கொட்டைகளைக் குவித்து வாழை இலையும் சாக்கும் போட்டு மூடி வைப்போம். முதல் ஒன்றரை நாளில் ஈஸ்ட் வேலை செய்யும், சதையில் இருக்கும் சர்க்கரை ஆல்கஹாலாக மாறும், குவியலுக்குப் பக்கத்தில் போனாலே கள்ளு வாசம் தூக்கும். அப்புறம் கிளறிவிடக் கிளறிவிடக் காற்று உள்ளே போய் வேறு நுண்ணுயிர்கள் வந்து அந்த ஆல்கஹாலைத் தின்று வினிகர் அமிலமாக மாற்றும். குவியல் 45, 50 டிகிரிக்குச் சுடும், கை வைக்க முடியாது. அந்தச் சூட்டிலும் அமிலத்திலும் விதை முளைக்கும் தெம்பை இழக்கிறது, சாக்லேட் வாசனைக்கு வேண்டிய அஸ்திவாரம் அப்போதுதான் விழுகிறது. ஐந்து முதல் ஏழு நாள் இப்படி. பிறகு வெயிலில் உலர்த்தல், அதற்குப் பிறகு வறுவல். ஆக, கோகோவில் சாராயம் என்று ஒன்று இருந்த காலம் உண்டென்றால் அது எங்கள் களத்தில் அந்த ஒன்றிரண்டு நாள்தான். லிக்கர் என்று பெயர் வாங்கும் கட்டத்துக்கு அது வந்து சேருவதே இல்லை. வேடிக்கையாக இல்லையா?

லிக்கர் என்பது அதற்கும் பிறகு. வறுத்த கொட்டையை உடைத்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்கினால் பருப்பு கிடைக்கும். அந்தப் பருப்பை அரைக்க வேண்டும், அவ்வளவே. தண்ணீர் சேர்க்கக் கூடாது, எண்ணெய் சேர்க்கக் கூடாது, எதுவுமே சேர்க்கக் கூடாது. பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. கல் உரசும் சூட்டிலேயே அந்தக் கொழுப்பு உருகி, பொடியாக இருந்தது முதலில் களியாகி, பிறகு கருப்பாக, பளபளவென்று ஓடும் விழுதாகிவிடும். இந்த விழுதுக்குத்தான் சாக்லேட் லிக்கர் என்று பெயர். கோகோ மாஸ் என்றும் சொல்வார்கள். ஆறவிட்டால் கட்டியாக உறைந்துவிடும். உணவுப் பொருள்களுக்கான உலக அளவிலான கோடெக்ஸ் தரவிதியில் இதற்குக் கொழுப்பு 47 முதல் 60 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்று கணக்கே இருக்கிறது. அமெரிக்கச் சட்டமும் சாக்லேட் லிக்கர் என்ற பெயரிலேயே இதற்கு இலக்கணம் வைத்திருக்கிறது, அதனால்தான் அந்த நாட்டு உறைகளில் இந்தச் சொல் அதிகம் தட்டுப்படுகிறது.

இதை நான் எதில் அரைக்கிறேன் தெரியுமா, இட்லி மாவு அரைக்கும் வெட் கிரைண்டரில். சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சின்ன அளவில் கொட்டையில் இருந்தே சாக்லேட் செய்பவர்கள் பலர் பயன்படுத்துவது நம் கோயம்புத்தூர் டேபிள் டாப் கிரைண்டரைக் கொஞ்சம் மாற்றிச் செய்த இயந்திரத்தைத்தான். இரண்டு நாள், மூன்று நாள் விடாமல் ஓடும். புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் கிரைண்டரில் ஓடுகிற விழுதை நம்ம ஊர்ப் பத்திரிகையே மது என்று எழுதினால் வருத்தம் வராதா?

குழப்பம் எங்கே என்றால், லிக்கர் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு ஒயின்ஷாப் போர்டு மட்டும்தான் ஞாபகம் வருகிறது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு நீர்மம் என்றுதான் பொருள். குன்னூர்ப் பக்கம் தேயிலை ருசி பார்ப்பவர்களைக் கேளுங்கள், கோப்பையில் இறங்கும் சாயத்தை அவர்கள் லிக்கர் என்றுதான் சொல்வார்கள். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஷாப்புகளில் தோலை மென்மையாக்க ஊற்றும் எண்ணெய்க் கரைசலுக்கு ஃபேட் லிக்கர். காகித ஆலையில் மரக்கூழ் வெந்து வடியும் கருப்புத் தண்ணீருக்கு பிளாக் லிக்கர். அதையெல்லாம் யாரும் மது என்று மொழிபெயர்க்கவில்லை. சாக்லேட் என்றால் மட்டும் ஏன்? இது போதாதென்று லிக்கூர் என்று இன்னொன்று இருக்கிறது, அது இனிப்பு சேர்த்த மதுபானம். சாக்லேட் லிக்கூர் என்றால் பாட்டிலில் வரும் சரக்கு, சாக்லேட் லிக்கர் என்றால் கோகோ விழுது. ஒலியில் ஒரு நெளிவுதான் வித்தியாசம், பொருளில் ஏணி வைத்தாலும் எட்டாது.

சரி, இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு திருத்தம் போடுங்கள் என்று இரண்டு வரியில் எழுதியிருப்பேன். ஆனால் உங்கள் கட்டுரை தேவையில்லாத இடத்தில் பயமுறுத்திவிட்டு, பயப்பட வேண்டிய இடத்தை அப்படியே தாண்டிப் போய்விட்டது. மது உள்ளே வைத்த சாக்லேட் நிஜமாகவே இருக்கிறது. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் புதிர். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலே கட்டிதட்டிப் போய்விடும், அப்படியிருக்க தண்ணீர் மாதிரி பிராந்தி எப்படி உள்ளே தளும்பிக்கொண்டு நிற்கிறது? பழைய ஐரோப்பிய முறை ஒன்று இருக்கிறது. தட்டில் காய்ந்த சோள மாவைப் பரப்பி அச்சால் குழி அழுத்துவார்கள். கெட்டியான சர்க்கரைப் பாகில் மதுவைக் கலந்து அந்தக் குழிகளில் ஊற்றி, மேலேயும் மாவைத் தூவி அசைக்காமல் வைத்துவிடுவார்கள். நம் வீட்டில் பாகு ஆறினால் ஓரத்தில் பூத்துப்போகுமே, அதே சங்கதிதான். வெளி ஓரத்தில் இருந்து சர்க்கரை படிகமாகிச் சுற்றிலும் மெல்லிய ஓடு கட்டிக்கொள்ளும், நடுவில் மது கலந்த பாகு திரவமாகவே நிற்கும். மாவைத் தட்டிவிட்டு சாக்லேட்டில் முக்கி எடுத்தால் முடிந்தது. கடித்தால் மொறுக்கென்று ஓடு உடைந்து மது வாயில் கொட்டும். மது கலந்த பிறகு அடுப்பில் ஏறுவதில்லை என்பதால் அதிகம் ஆவியாகிப் போவதில்லை, ஊற்றிய மதுவில் பெரும்பகுதி உங்கள் வயிற்றுக்குத்தான். செய்நேர்த்தி என்ற அளவில் அழகான வேலை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜெர்மனியில் விற்கும் மோன் ஷெரி என்று செர்ரிப் பழமும் மதுவும் வைத்தது, டென்மார்க்கின் அந்தோன் பெர்க் குட்டி பாட்டில் வடிவத்தில் செய்வது, இதெல்லாம் விமான நிலையக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். குட்டி பாட்டிலின் மேல் எந்த மது என்று லேபிளே ஒட்டியிருக்கும். அவர்கள் மறைக்கவில்லை. மோன் ஷெரியை ஜெர்மனியில் கோடை மாதங்களில் கடையில் இருந்தே எடுத்துவிடுகிறார்கள், வெயிலில் சாக்லேட் கெட்டுப்போகும் என்று. நம்ம ஊரில் கோடைக்கு எடுப்பதென்றால் வருஷம் முழுக்க எடுக்க வேண்டியதுதான்!

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டு உணவுச் சட்டம் மிட்டாயில் மது இருந்தாலே கலப்படம் என்றது, வாசனைச் சாறு வழியாக வரும் அரை சதவீதத்துக்கு மட்டும் விலக்கு. பிற்பாடு அந்தந்த மாநிலம் அனுமதித்தால் விற்கலாம் என்று தளர்த்தினார்கள். பிரிட்டனில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு இதற்கென்றே 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தில் விளக்கம் வைத்தார்கள். ஒரு கிலோ மிட்டாய்க்கு 200 மில்லி மது வரை, அதன் வீரியம் 57 சதவீதம் தாண்டக் கூடாது, 16 வயதுக்குக் கீழே விற்றால் குற்றம். கணக்குப் போட்டால், பத்து கிராம் துண்டு ஒன்றில் அதிகபட்சம் 1.1 மில்லி போலச் சுத்த ஆல்கஹால். 5 சதவீத ஆல்கஹால் உள்ள 330 மில்லி பீர் டின் ஒன்றில் இருக்கும் அளவைத் தொட வேண்டுமானால் பதினாலு துண்டுக்கு மேல் தின்ன வேண்டும், அதற்குள் திகட்டிவிடும். 2015-ல் அந்த வயதுத் தடையையே எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரியா தப்பா என்று நான் சொல்ல வரவில்லை. வைத்தபோதும் எடுத்தபோதும் அந்தப் பொருள் இன்னதென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

இங்கே அப்படி இல்லை. மூன்று வருஷம் முன்பு மலைப்பக்கம் சுற்றுலா போனபோது ஒரு கடையில் கால் கிலோ ஹோம்மேட் சாக்லேட் வாங்கினோம். தட்டு தட்டாக வைத்து எடைபோட்டு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பையில் பெயர் இல்லை, தேதி இல்லை, என்ன சேர்த்தது என்று எதுவும் இல்லை. திராட்சை போட்டது என்று கடைக்காரர் சொன்ன துண்டை வீட்டில் முதலில் எடுத்தது என் கொழுந்தனார். அவர் அப்போது குடியை நிறுத்தி ஐந்து மாதம். வாயில் வைத்ததும் வெளியே ஓடிப்போய்த் துப்பினார். ரம்மில் ஊறிய திராட்சை. நானும் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், எசன்ஸ் இல்லை, அசல் சரக்குதான். குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுபவர்கள் கொஞ்சம் மது உள்ளே போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து அவதிப்படுவார்கள். அவரும் அப்போது அந்த மாத்திரையில்தான் இருந்தார். துப்பியதால் தப்பித்தார். அதே பையில் இருந்து என் தங்கை மகள், வயது ஆறு, ஏற்கெனவே இரண்டு தின்று முடித்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்களுக்குத்தான் அன்று தூக்கம் இல்லை.

மறுநாள் அந்தக் கடைக்குப் போன் போட்டால், “டூரிஸ்ட் கேக்குறாங்க மேடம், அதான் வைக்கிறோம்” என்கிறார். டாஸ்மாக் பாட்டிலை மூடியோடு விற்க ஆயிரம் விதி இருக்கும் மாநிலத்தில் அதையே திராட்சைக்குள் ஊற்றி, ஒன்றும் எழுதாத பையில் போட்டு ஆறு வயசுப் பிள்ளை கையில் கொடுக்கிறார்கள். எந்த உரிமத்தில் என்று உணவுப் பாதுகாப்புத் துறையைக் கேட்க வேண்டியது உங்களைப் போன்ற பத்திரிகைகள்தான். நான் கேட்டால் அது ஒரு புகார் மனு, ஏதோ ஒரு கோப்பில் கிடக்கும். உங்கள் நிருபர் கேட்டால் பதில் வரும்.

ரம் ஃபிளேவர் என்று எழுதி வெறும் எசன்ஸ் போட்டு விற்பவர்களும் நிறைய இருக்கிறார்கள், அதில் மது இருக்காது. அதனால் எது அசல், எது வாசனை என்று வாங்குகிறவர்களுக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது. மது சேர்த்திருந்தால் தமிழிலேயே, கண்ணில் படுகிற அளவில், மது கலந்தது என்று எழுதச் சொல்லுங்கள். எடைபோட்டு விற்கும் தட்டின் மேலும் ஒரு அட்டை குத்தி வைக்கட்டும். அவ்வளவு பெரிய செலவில்லை.

கட்டுரைக்கு வருகிறேன். தமிழில் என்ன சொல் போடுவது என்று உங்கள் துணை ஆசிரியர் யோசித்தால், கோகோ விழுது என்று போடுங்கள். இஞ்சி பூண்டு விழுது என்கிறோம், யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பருப்பை அரைத்தால் வருவது விழுதுதானே.

திருத்தத்தை எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் போடாமல் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு வெட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும், அவருக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது. சாக்லேட் டப்பா இன்னும் என் வீட்டு ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. அக்காவின் பேரன் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த ஃபிரிட்ஜையே பார்த்துவிட்டுப் போகிறான்.

இப்படிக்கு,
கோகோ விவசாயம் செய்யும் ஒரு வாசகி,
ஆனைமலை