நியூயார்க் டிக்கெட்ல இருக்கிற நேரத்தை எப்படி பாக்கணும்?

வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க.

சிங்கப்பூர் தேக்கால இருக்கிற நம்ம டிக்கெட் கடைக்கு வர்றவங்க நிறைய பேர் டிக்கெட்டை கையில வச்சிட்டு ஒரே சந்தேகத்தை கேக்குறாங்க. ஞாயித்துக்கிழமை மதியம் 12 மணிக்கு சாங்கி ஏர்போர்ட்ல ஏறுனா அதே ஞாயிறு சாயங்காலம் 6:30க்கு நியூயார்க்னு போட்டிருக்கே, அப்ப ஆறரை மணி நேரந்தானா? இல்லைங்க, பதினெட்டரை மணி நேரம். டிக்கெட்ல போடுறது அந்தந்த ஊர் நேரம், நியூயார்க் நமக்கு 12 மணி நேரம் பின்னாடி, நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் 13 மணி நேரம். திரும்பி வர்றப்ப தலைகீழ். வெள்ளி ராத்திரி 10:30க்கு அங்க ஏறுனா ஞாயிறு விடிகாலை 5:20 போல தான் இங்க இறங்குவீங்க, பாக்க 31 மணி நேரம் மாதிரி இருக்கும், ஆனா பறக்குறது 19 மணி நேரத்துக்குள்ள தான். சனிக்கிழமை காணாம போயிடும், அதனால கூப்பிட வர்றவங்ககிட்ட ஞாயிறுன்னு தெளிவா சொல்லிடுங்க.

தூரம் 15,349 கிலோமீட்டர். வீட்ல உலக உருண்டை இருந்தா ஒரு நூலை சிங்கப்பூர்லேருந்து நியூயார்க்குக்கு இழுத்து பிடிச்சு பாருங்க, வடதுருவத்துக்கு பக்கத்துல போகும், அதான் குறுக்கு வழி. ஆனா ப்ளேன் பெரும்பாலும் அப்படி போகாது, பசிபிக் பக்கமா சுத்தி தான் போகும், ஏன்னா அங்க மேல மேற்கேருந்து கிழக்க பலமா காத்து அடிக்குது, மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம்கூட இருக்கும், அது பின்னாடியிருந்து தள்ளிவிட்டா கிலோமீட்டர் கூடுனாலும் நேரம் குறையும். அதனால கிலோமீட்டரை வகுத்து கணக்கு போடாதீங்க. ஒவ்வொரு நாளும் காத்து மாறும், அரை மணி முன்ன பின்ன ஆகுறது சகஜம்.

இன்னொண்ணு, நேரா போற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏ350 ப்ளேன்ல எகானமி சீட்டே கிடையாது. 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, அவ்ளோதான். வெல கூட இருக்கேன்னு நெறைய பேர் வருத்தப்படுறீங்க, அதுக்கு இது தான் காரணம். எகானமி வேணும்னா ஃப்ராங்க்ஃபர்ட்ல நின்னு போறது இருக்கு, மொத்தம் கிட்டத்தட்ட 24 மணி நேரம். பேரன் பேத்தியை பாக்க போற அப்பா அம்மாவுக்கு நான் இதை தான் முதல்ல சொல்லுவேன், நடுவுல இறங்கி கொஞ்சம் நடந்தா கால் வீக்கம் அவ்வளவா தெரியாது. முழங்கால் வலி, சுகர் இருக்கிறவங்க டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் எதுன்னு முடிவு பண்ணுங்க, அவசரமே இல்ல.

புக் பண்ண வர்றப்ப பாஸ்போர்ட்டை கையோட கொண்டு வாங்க, பேரை அதுல இருக்கிற மாதிரியே தான் போடணும்.