எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வீடு, மனை விற்கும் தொழிலில் ஓரளவு காலூன்றிவிட்டேன், இனி வளர எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று கேட்டிருந்தாய். கூடவே அந்த இரண்டு நாள் பயிற்சி முகாமின் விளம்பரத்தையும் அனுப்பியிருந்தாய். போகாதே என்று சொல்ல மாட்டேன். நாலு பேர் அறிமுகமாவார்கள், ஒரு வாரம் உற்சாகமாக இருக்கும். அந்தப் பணத்தைப் படிப்புக் கணக்கில் எழுதாமல் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதிவிடு, அவ்வளவுதான். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

தையற்காரர் தைத்த சட்டை சரியா தப்பா என்பது போட்டுப் பார்த்த நிமிடமே தெரிந்துவிடும். நம் தொழிலில் அந்த வசதி கிடையாது. நீ சொன்ன விலை சரிதானா, நீ காட்டிய வீடு அவர்களுக்குப் பொருந்தியதா என்று யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை. டீல் முடிந்தால் நம் சாமர்த்தியம். முடியாவிட்டால் பார்ட்டி சரியில்லை, இல்லையென்றால் மார்க்கெட் டல். இப்படியே பத்து வருஷம் ஓட்டிவிட்டு, கார்டில் 'பத்து வருட அனுபவம்' என்று போட்டுக்கொள்பவர்கள் நிறையப் பேர். கற்றதென்னவோ முதல் வருஷத்தோடு நின்றிருக்கும்.

கிரிகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் டூசான் நகரில் விற்பனைக்கு இருந்த வீட்டை மாணவர்களுக்கும், நம்மைப் போன்ற ஏஜென்டுகளுக்கும் நேரில் சுற்றிக் காட்டினார்கள். கையில் கொடுத்த விவரத் தாளில் எல்லாம் ஒன்றுதான், வீட்டுக்காரர் கேட்கும் விலையைத் தவிர. அதை மட்டும் சிலருக்குக் கூட்டியும் சிலருக்குக் குறைத்தும் போட்டிருந்தார்கள். வீட்டின் உண்மையான மதிப்பு என்ன என்று கேட்டபோது, கூடுதல் விலையைப் பார்த்தவர்கள் கூடுதலாகவும் குறைந்த விலையைப் பார்த்தவர்கள் குறைவாகவும் சொன்னார்கள். மாணவர்கள் மட்டுமல்ல, ஏஜென்டுகளும்தான். ஆனால் எதை வைத்து மதிப்பிட்டீர்கள் என்று கேட்டால், கேட்ட விலையைக் கணக்கில் எடுத்ததாக ஒப்புக்கொண்ட ஏஜென்டுகள் ரொம்பக் குறைவு. பரப்பு, இடம், கட்டுமானம் என்று தொழில்முறைக் காரணங்கள் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்கள்.

அதனால் உனக்கு நான் சொல்லும் முதல் கோர்ஸ் ஒரு நோட்டுப் புத்தகம். புது வீடு கைக்கு வரும்போது, உரிமையாளர் விலை சொல்வதற்கு முன்பே போய்ப் பார். இத்தனைக்குப் போகும், இத்தனை நாளில் போகும், காரணம் இது என்று மூன்று வரி எழுதித் தேதி போடு. விற்றதும், யார் விற்றிருந்தாலும் சரி, முடிந்த விலையைப் பக்கத்தில் எழுது. கொஞ்ச நாளில் உன் சாய்வு தெரிய ஆரம்பிக்கும். பழைய வீடுகளைத் தொடர்ந்து குறைத்து மதிப்பிடுகிறாய், மூலை மனை என்றால் கூட்டிச் சொல்கிறாய் என்கிற மாதிரி. உன் சாய்வை உனக்குச் சொல்லித்தரும் வாத்தியார் எந்தக் கோர்ஸிலும் இல்லை. மனதிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று நினைக்காதே. விடை தெரிந்த பிறகு, 'நானும் அதைத்தான் நினைத்தேன்' என்று மனசு சத்தியம் பண்ணும்.

அப்புறம் கணக்கு. நம் ஆட்களில் பலர் இதை வங்கிக்காரர் தலையில் கட்டிவிடுகிறார்கள். மாதத் தவணையைப் பிரித்துப் பார்க்க நீயே கற்றுக்கொள். 1,00,000 கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள். மாதம் ஏறக்குறைய 900 வரும். முதல் தவணையில் 750 வட்டிக்குப் போய்விடும், அசலில் கழிவது 150 மட்டுமே. அசலில் பாதி தீர 14 வருடம் ஆகும். அஞ்சு வருஷத்தில் விற்றுவிட்டு வேறு வீடு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் இளம் தம்பதியிடம் இதை ஒரு தாளில் எழுதிக் காட்டு. அவர்கள் சின்ன வீடாகப் பார்க்க முடிவு செய்யலாம், உன் கமிஷனும் குறையலாம். ஆனால் அந்தத் தாளை அவர்கள் தூக்கிப் போட மாட்டார்கள்.

மனை அளப்பதும் அப்படித்தான். கோணல் மனையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி இரண்டால் வகுத்து, வந்த இரண்டையும் பெருக்கிப் பரப்பு சொல்லும் பழக்கம் இருக்கிறதே, அது செவ்வகத்துக்கு மட்டும்தான் சரிவரும். மற்ற எல்லா நாற்கர மனைக்கும் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. நாலு பக்கமும் 50 அடி உள்ள மனையைப் பார்த்ததும் 2,500 சதுர அடி என்று வாயில் வந்துவிடும். குறுக்கே டேப்பைப் பிடி. மூலைக்கு மூலை 60 அடி வந்தால் மனை சாய்ந்திருக்கிறது, உள்ளே இருப்பது 2,400தான். 100 சதுர அடிக்கு வாங்குபவர் சும்மா பணம் கட்டுகிறார். குறுக்களவு எடுத்து இரண்டு முக்கோணமாகப் பிரித்துக் கணக்குப் போட ஒரு சாயங்காலம் போதும் கற்றுக்கொள்ள.

கட்டடத்தைப் பற்றிக் கற்க கொத்தனாரையும் பிளம்பரையும் விட்டால் ஆள் இல்லை. சுவரில் ஈரம் தரையிலிருந்து இடுப்பளவுக்குள் நின்று, மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பெரும்பாலும் அடியிலிருந்து ஏறும் ஈரம். கூரையை ஒட்டித் தொடங்கினால் மேலே ஒழுக்கு. புதிதாக வண்ணம் அடித்த ஒரே ஒரு சுவரைப் பார்த்தால் ஏன் அந்தச் சுவர் மட்டும் என்று கேள். பத்திரங்களைப் பற்றி இங்கே நீட்ட மாட்டேன். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், வருஷத்துக்கு வருஷமும் மாறும். நல்ல வக்கீல் ஒருவரிடம், முடிந்துபோன கேஸ்களின் கதையைக் கேட்டு உட்கார்ந்திரு. வில்லங்கம் எந்த வரியில் ஒளிந்திருந்தது என்று அவர் சொல்லும்போது மறக்காது.

படிக்கிறேன், மனசில் நிற்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட சோதனை இது. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆகவே புத்தகத்தில் கோடு போடுவதை நிறுத்து. மூடி வைத்துவிட்டு, ஒரு பார்ட்டிக்கு விளக்குவது போல வாய்விட்டுச் சொல்லிப் பார். எங்கே திக்குகிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் திற.

சுயமுன்னேற்றம் என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி, உனக்குத் தெரியும். என்றாலும் குணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லெவிட், சிவர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் சிகாகோ வட்டாரத்து வீட்டு விற்பனைகளை ஆராய்ந்தார்கள். ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, பிறர் வீட்டைவிட சுமார் 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, ஏறக்குறைய 3.7 சதவீதம் கூடுதல் விலை வாங்கியிருந்தார்கள். காரணம் புரியும். பார்ட்டிக்கு இன்னும் கொஞ்சம் விலை ஏறினால் அதில் நமக்கு வருவது சில்லறை, காத்திருக்கும் அலைச்சல் முழுக்க நம்முடையது. யாரும் திட்டமிட்டு ஏமாற்றுவதில்லை. 'வந்த விலைக்குக் கொடுத்துடுங்க சார்' என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அப்படிச் சொல்ல வாயெடுக்கும்போது, இது என் வீடாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுப்பேனா என்று கேட்டுக்கொள். பதில் 'ஆமாம்' என்றால் அதையே அவரிடமும் சொல்லிவிடு.

உன்னிடம் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு வேறொருவரிடம் வாங்கியவர்களும் இருப்பார்கள். அதில் ஒருவருக்கு போன் செய். வாழ்த்துச் சொல்லிவிட்டு, 'நான் எந்த இடத்தில் கோட்டைவிட்டேன், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்' என்று மட்டும் கேள். அவர் பேசும்போது விளக்கம் சொல்லப் புகுந்துவிடாதே. அது ரொம்பக் கஷ்டம், நாக்கு அரிக்கும். போனை வைத்த கையோடு அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிவிடு.

நோட்டில் ஒரு பத்து வீடு சேர்ந்ததும் எடுத்துக்கொண்டு வா. முடிந்த விலையை மறைத்துக்கொண்டு விவரத்தை மட்டும் படி, நானும் ஒரு தொகை சொல்கிறேன். யார் எவ்வளவு தள்ளிப்போகிறோம் என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா