முடிவு சொல்லாமல் நிறுத்தப்பட்ட தொடர் குறித்து ஆறாவது முறையாக ஒரு புகார்

பெறுநர்: பொறுப்பு அதிகாரி, வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: உங்கள் இணையத் திரைத்தளத்தின் அறிவியல் புனைவுத் தொடரை மூன்றாம் சீசனோடு அந்தரத்தில் விட்டதும், அது பற்றிய ஐந்து புகார்களுக்கும் முறையான பதில் தராததும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எந்தத் தொடரைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கு விளக்கத் தேவையிருக்காது. விண்கலத்தின் ஏழாம் கதவு ஒரு கையளவு திறந்து, உள்ளிருந்து நீல வெளிச்சம் பொறியாளரின் முகத்தில் விழுந்து, அவர் "நீங்களா?" என்று கேட்டதோடு திரை இருண்டுபோன அதே தொடர்தான். அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பதை அறிய ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்த பிறகு, நான்காம் சீசன் கிடையாது என்பதை உங்கள் அறிவிப்பின் வழியாக அல்ல, தொடரில் நடித்தவர் ஒருவரின் பேட்டியிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அதன்பின் நான் அனுப்பிய ஐந்து கடிதங்களும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன.

முதல் சீசன் வெளியானபோது உங்கள் விளம்பரம், முதல் காட்சியில் எழும் கேள்விக்குக் கடைசிக் காட்சியில் விடை இருக்கிறது என்று சொன்னது. அதை நம்பித்தான் நானும் என் மகளும் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். கலத்தின் நடைவழியில் தொங்கும் கடிகாரம் ஒவ்வொரு அத்தியாயத்திலும் வேறு நேரம் காட்டுவதை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அந்த இடம் வரும்போதெல்லாம் காட்சியை நிறுத்தி, அத்தியாய எண், கடிகாரம் காட்டும் நேரம், அருகில் நிற்பவர் யார் என்று வரிசையாக எழுதினோம். முப்பத்தொரு வரிகள் சேர்ந்தன. கடைசியில் "விடை" என்று தலைப்பிட்டுக் கோடு போட்டு வைத்த கட்டம் முழுவதும் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

முதல் புகாருக்கு எனக்குக் கிடைத்தது தானியங்கிப் பதில். இரண்டாம் முறை பேசிய பணியாளர், செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிப் பார்க்கச் சொன்னார். அவருடைய பொறுமைக்காகவாவது நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மூன்றாம் முறை நாற்பது நிமிடம் காக்கவைத்த பிறகு சாட்டுக்கு வந்தவரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் எழுதிய நீண்ட விளக்கத்துக்கு அவர் தந்த பதில் இது: "கதை முடியவில்லை என்பது சேவைக் குறைபாடு அல்ல. பிடிக்காவிட்டால் வேறு தொடர் பாருங்கள்." அடுத்த நொடியே உரையாடலை மூடிவிட்டு, "உங்கள் சிக்கல் தீர்க்கப்பட்டது" என்ற செய்தியையும் அனுப்பி, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டார்கள்.

அவருக்கும் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இந்த வகைத் தொடரில் கதை முடியாதது குறைபாடுதான். குடும்பக் கதை ஒன்று பாதியில் நின்றால், நமக்குத் தெரிந்த மனிதர்கள், தெரிந்த உலகத்தில் எங்கோ வாழ்ந்துகொண்டிருப்பார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அறிவியல் புனைவில் அந்த உலகத்தின் விதிகளையே நீங்கள்தான் மறைத்து வைத்திருக்கிறீர்கள். காலம் ஏன் பின்னோக்கி ஓடுகிறது, அந்தச் சமிக்ஞையை அனுப்பியது யார் என்பவற்றுக்கு முடிவு மட்டுமே பொருள் தர முடியும். முடிவைத் தராவிட்டால், ஏற்கெனவே பார்த்த முப்பத்தொரு அத்தியாயங்களும் பின்னோக்கிப் பொருளிழந்து போகின்றன. என் வாழ்நாளில் நான்கு ஆண்டுகளை நீங்கள் பறித்துக்கொண்டீர்கள். இனி எந்தத் தொடரையும் முதல் அத்தியாயத்திலிருந்து நம்பிப் பார்க்கும் மனம் எனக்கு வரப்போவதில்லை.

நான்காம் கடிதத்துக்கு மனிதர் ஒருவர் எழுதி அனுப்பிய பதிலில், முடிவை முன்கூட்டியே வகுத்தால் எழுத்தாளர்களின் படைப்புச் சுதந்திரம் கெடும் என்று எழுதியிருந்தீர்கள். இத்துறையில் இருந்துகொண்டு "பாபிலோன் 5" என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் பற்றி நீங்கள் அறியாமல் இருக்க முடியாது. அதைப் படைத்த ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி அதை ஐந்து ஆண்டுக் கதையாக வகுத்துக்கொண்டுதான் தொடங்கினார். முதல் சீசனுக்குப் பிறகு நாயகனே மாறினார். கதை அதற்கு வளைந்து கொடுத்தது, உடையவில்லை. ஐந்தாம் சீசன் கிடைக்குமா என்ற ஐயம் எழுந்தபோது, முக்கியப் போர்களை நான்காம் சீசனிலேயே முடித்து, இறுதி அத்தியாயத்தையும் முன்னதாகவே படமாக்கி வைத்தார்கள். ஐந்தாம் சீசன் உறுதியானதும் அந்த அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு, 1998இல் உரிய இடத்தில் ஒளிபரப்பினார்கள். நிச்சயமில்லாத நிலையிலும் பார்வையாளரை நடுவழியில் விட்டுவிடக் கூடாது என்று நினைத்தவர்கள் செய்த வேலை அது. "லாஸ்ட்" தொடர் 2010இல் முடியும் என்பதை 2007ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டார்கள். அதன் முடிவு பிடிக்காதவர்கள் பலர் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். ஆனால் முடிவே இல்லை என்று எவரும் குறை சொல்ல முடியாது.

திட்டம் எழுத்தாளரிடம் மட்டும் இருந்தாலும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "டார்க்" தொடரைப் படைத்தவர்கள் மூன்று சீசன்களாக வகுத்து, 2017 முதல் 2020 வரை 26 அத்தியாயங்களில் அதைச் சொல்லி முடித்தார்கள். அவர்களே மூன்று சீசன்களுக்குத் திட்டமிட்ட "1899" என்ற தொடர், ஒரே சீசனோடு 2023 ஜனவரியில் கைவிடப்பட்டது. ஆகவே முடிவுக்கான பொறுப்பு, பணம் போட்டு நடத்தும் நிறுவனத்தையும் சேரும். உங்கள் எழுத்தாளர்களிடம் முடிவு இருந்து நீங்கள் மறுத்தீர்களா, அல்லது தொடக்கத்திலிருந்தே முடிவு என ஒன்று இல்லையா என்பதை அறிய எனக்கு உரிமை உண்டு. இல்லாத விடையை இருப்பதாகச் சொல்லி விளம்பரம் செய்திருந்தால், அது பொய் வாக்குறுதி. அதற்குரிய இடத்தில் நீங்கள் பதில் சொல்ல நேரும்.

"வேறு தொடர் பாருங்கள்" என்று சொன்ன அந்தப் பணியாளர், தான் என்ன சொல்கிறோம் என்று ஒரு நிமிடமாவது யோசித்தாரா? கதவுக்குப் பின்னால் யார் என்று என் மகள் இன்னமும் கேட்கிறாள்.

நான் கேட்பது பெரிதல்ல. 2017இல் கைவிடப்பட்ட "சென்ஸ்8" தொடருக்கு, பார்வையாளர்கள் எழுப்பிய குரலைக் கேட்டு, 2018இல் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான இறுதி அத்தியாயம் ஒன்று தரப்பட்டது. அதுபோல ஒன்றை நீங்களும் எடுத்தால் மிகுந்த நன்றியுடையவனாக இருப்பேன். அதற்கு வழியில்லை என்றால், எழுத்தாளர்களிடம் உள்ள கதைச் சுருக்கத்தை எழுத்து வடிவிலாவது வெளியிடுங்கள். இரண்டும் முடியாவிட்டால், தொடரின் பக்கத்தில் "முடிவு பெறாதது" என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்; இனிப் பார்க்க வருபவராவது தெரிந்துகொண்டு தொடங்கட்டும்.

பதினைந்து நாட்களுக்குள், தம் பெயரைக் குறிப்பிட்டுக் கையெழுத்திடும் பொறுப்பான ஒருவரிடமிருந்து பதிலை எதிர்பார்க்கிறேன். தானியங்கிப் பதில் வருமானால் அதைப் பதிலாக ஏற்கமாட்டேன். பதினாறாம் நாள் என் சந்தாவை நிறுத்திக்கொண்டு, உங்கள் விளம்பர வாசகம், ஐந்து கடிதங்கள், அந்தச் சாட் உரையாடல் ஆகியவற்றின் நகல்களோடு நுகர்வோர் குறைகளை விசாரிக்கும் அமைப்பிடம் முறையிடுவேன். அதற்கு அவசியம் நேராதவாறு நடந்துகொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதல் சீசனிலிருந்து உங்கள் சந்தாதாரர்

இணைப்பு: குறிப்பேட்டின் நான்கு பக்கங்கள், "விடை" கட்டம் நிரப்பப்படாமல்.