ஒன்பது நாள் போதவில்லைங்க, டாக்டர்

கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு,

வணக்கமுங்க. எங்கள் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. கடைசி நாட்களில் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பைஸில் சேர்த்து ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார். கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்கள், “அங்க கொண்டுபோனதும்தான் முடிஞ்சுது” என்றார்கள். அங்கே சேர்த்ததால் ஒன்பது நாளில் போகவில்லை. ஒன்பது நாள் மிச்சமிருக்கையில்தான் சேர்த்தோம். இதை ஊரில் யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

அதற்கு முந்தின மாதம் எங்கள் டாக்டர், “இன்னொரு கீமோ பார்க்கலாம்” என்றார். வீட்டிலிருந்த எருமை இரண்டையும் விற்றோம். எத்தனை நாள் தாங்கும் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை.

நாள் கணக்குச் சொல்வது லேசில்லை என்று தெரியும். சிகாகோவில் ஹாஸ்பைஸில் சேர்ந்த 468 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. அவர்களில் பாதிப் பேர் 24 நாளுக்குள் இறந்துவிட்டார்கள். மருத்துவர்கள் கணித்திருந்ததோ, அவர்கள் நிஜமாக இருந்த நாளைப்போல் சராசரியாக ஐந்து மடங்குக்கும் மேல். நோயாளியோடு பழகப் பழகக் கணக்கு இன்னும் பிசகியதாம். பாசம் டாக்டரையும் விடாது போல.

ஹாஸ்பைஸில் நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் வலிக்கு மார்ஃபின் மாத்திரை. மூன்றாம் நாள் பெரியம்மா அரிசியும்பருப்புச் சோறு கேட்டார். நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தேன், நாலு வாய் இறங்கியது. அப்புறம் நர்ஸைப் பார்த்து, “இந்த மாத்திரைய முன்னாலயே குடுத்திருக்கலாமுங்களே அம்மிணி” என்றார். என்னிடம் எருமை ஈன்றுவிட்டதா என்று விசாரித்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்று நோயாளிகள் 151 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே வலிதணிப்புச் சிகிச்சையும் கிடைத்தவர்கள் நடுக்கணக்கில் (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) 11.6 மாதம் இருந்தார்கள், மற்றவர்கள் 8.9. 2010இல் வந்த முடிவு இது. எல்லாப் புற்றுக்கும் இதே கணக்கு என்று சொல்ல வரவில்லை. ஆயுள் கூடாவிட்டாலும் சரி, வலியில்லாமல் நாலு வாய் சோறு இறங்குமே.

அதனால் கேட்கிறேன். நோய் முற்றியது தெரிந்த அன்றே, கீமோ நடக்கும்போதே, வலிதணிப்பு டாக்டருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நர்ஸ்கள் 2021 முதல் வீட்டுக்கே வருகிறார்கள். அதையாவது சொல்லி அனுப்புங்கள். நாள் எண்ணிச் சொல்ல முடியாவிட்டால், மாதமா வாரமா என்று மட்டும் சொல்லுங்கள், போதும். எருமையை விற்பதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
கோபி பக்கத்திலிருந்து ஒரு மகன்